அலர்ஜி ஊசி: தொடங்குமுன் அறியவேண்டியவை

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் உங்களில் சிலர் எங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டீர்கள். “எங்கள் மகளுக்கு அலர்ஜி ஊசி தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லுகிறார். மூன்று வருஷம் போட வேண்டுமாம். இது தேவைதானா? பயமில்லையா?” என்று ஒரு தாயார் கேட்டார். அருகில் நின்ற இன்னும் இரண்டு குடும்பத்தாருக்கும் அதே கேள்வி இருந்தது. ஆகவே இந்த முறை இதைக் குறித்தே பேசுகிறோம்.

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. மருந்தின் அளவையோ, யாருக்கு எது ஏற்றது என்பதையோ சொல்லுவது எங்கள் வேலை அல்ல. அதை உங்கள் டாக்டரே சொல்ல வேண்டும். ஆனால் அலர்ஜி ஊசி போடுகிற நாட்களில், ஊசி போட்டவர்களை அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். போதகர்களாகிய எங்களுக்கு அந்தப் பெஞ்சோடு நெடுநாள் பழக்கம் உண்டு. டாக்டரிடம் சொல்லாததையும் மக்கள் அங்கே எங்களிடம் சொல்லுகிறார்கள். டாக்டர்களிடமும் சிஸ்டர்களிடமும் நாங்கள் கேட்டுக் கற்றுக்கொண்டதையும், பெஞ்சில் கேட்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்லுகிறோம்.

முதலாவது, இந்த வியாதியை நாம் அற்பமாக எண்ணக்கூடாது. “தும்மல்தானே, சளிதானே” என்று சொல்லிவிடுகிறோம். விடியற்காலையில் எழுந்தவுடன் இருபது, முப்பது தும்மல். மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுத் தூங்கின பிள்ளை வகுப்பில் கண் சொருகி உட்கார்ந்திருக்கும். கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டுவதற்காகப் பரண்மேல் இருந்து பெட்டியை இறக்கினால் அன்று இரவு முழுவதும் இழுப்பு. இப்படிப் பத்துப் பதினைந்து வருஷம் வாழ்கிறவர்கள் நம் நடுவிலே உண்டு. மூக்கில் தொடங்கும் அலர்ஜி சிலருக்கு நெஞ்சுக்கும் இறங்கி ஆஸ்துமாவாகிறது.

இதற்குக் காரணம் என்ன? நம் உடம்பில் காவல்காக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கிருமி வந்தால் அது எதிர்த்து நிற்கும். அலர்ஜி உள்ளவர்களுக்கு, தீங்கு செய்யாத ஒரு பொருளையும் அந்தக் காவல் சத்துருவாக எண்ணிப் போர் தொடுக்கிறது. நம் நாட்டில் அடிக்கடி காணப்படும் காரணம் வீட்டுத் தூசியில் வாழும் தூசிப்பூச்சி. இதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகிறது. ஈரக்காற்று அதற்கு மிகவும் பிரியம். அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்தான் பலருக்குத் தும்மலையும் இழுப்பையும் கொண்டுவருகிறது. கரப்பான்பூச்சி, பூஞ்சைக்காளான், நாய் பூனையின் தோல் துகள், புல்லின் மகரந்தம், பார்த்தீனியச் செடி, வேலிக்காத்தான் என்று நாம் சொல்லும் சீமைக்கருவேல மரத்தின் மகரந்தம் ஆகியவையும் காரணமாகலாம்.

இரண்டாவது, அலர்ஜி ஊசி என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதிலேதான் மிகுந்த குழப்பம். உடம்பெல்லாம் தடித்து அரிப்பெடுத்தால் பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி போடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் அரிப்பு அடங்கிவிடுகிறது. நம் ஜனங்கள் அதையும் அலர்ஜி ஊசி என்றே சொல்லுகிறார்கள். அது அவில் போன்ற மருந்தாக இருக்கும், அல்லது ஸ்டீராய்டாக இருக்கும். அன்றைய உபத்திரவத்தை அடக்குவதே அதன் வேலை. நாங்கள் இன்று பேசுவது அதுவல்ல. இதில் ஸ்டீராய்டு இல்லை. உங்களுக்கு எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லையோ, அந்தப் பொருளிலிருந்தே எடுத்த சாற்றை மிகமிகச் சிறிய அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, உடம்புக்குப் பழக்குவதே இந்தச் சிகிச்சை. டாக்டர்கள் இதை இம்யூனோதெரபி என்கிறார்கள்.

இது புதிதாக வந்த சிகிச்சை அல்ல. இங்கிலாந்திலே மான்செஸ்டர் நகரில் சார்லஸ் பிளாக்லி என்னும் வைத்தியருக்கு வருஷந்தோறும் கோடையில் தும்மல் நோய் வரும். காரணம் என்னவென்று அறிய அவர் தம்முடைய மூக்கிலும் தோலிலுமே மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். புல்லின் மகரந்தமே காரணம் என்று 1873-இல் தம் ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டார். பின்பு லண்டனில் செயின்ட் மேரிஸ் ஆஸ்பத்திரியில் லெனார்ட் நூன் என்பவர் புல் மகரந்தத்தின் சாற்றை ஊசியாகப் போட்டு, அதன் பலனை 1911-இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார். அவருக்குக் காசநோய் இருந்தது. 1913-இல் இளவயதிலேயே மரித்துப்போனார். அவருடைய உடன் ஊழியரான ஜான் ஃப்ரீமன் அந்த வேலையை விடாமல் தொடர்ந்தார்.

நூன் இதற்குச் சொன்ன விளக்கம் சரியல்ல. மகரந்தத்தில் ஒரு விஷம் இருக்கிறது என்று அவர் எண்ணினார். அலர்ஜிக்குக் காரணமான ஐஜிஇ என்னும் பொருளை 1960-களின் பிற்பகுதியில்தான் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் வேலை செய்த இஷிசாகா என்னும் ஜப்பானியத் தம்பதியரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிக் என்பவர்களும் தனித்தனியே அதைக் கண்டறிந்தார்கள். ஊசி போடப் போட உடம்பில் வேறொரு தடுப்புப்பொருள் உண்டாகி, ஐஜிஇ சண்டைக்கு எழும்புமுன் குறுக்கே நிற்கிறது என்றும், காவலைச் சாந்தப்படுத்தும் அணுக்கள் பெருகுகின்றன என்றும் இன்று அறிந்திருக்கிறோம். விளக்கம் பின்னால் வந்தாலும், சிகிச்சை நூறு வருஷத்துக்கு மேலாக நிலைத்து நிற்கிறது.

மூன்றாவது, யாருக்கு இது ஏற்றது? மூக்கு, கண் அலர்ஜி உள்ளவர்களுக்கும், கட்டுக்குள் இருக்கிற அலர்ஜி ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், தேனீ, குளவி கொட்டி உயிருக்கே ஆபத்து வந்தவர்களுக்கும் இது பலன் தருகிறது. மாத்திரை, மூக்கு ஸ்பிரே இவைகளால் போதிய சுகம் கிடைக்காதவர்களுக்கும், அவைகளை வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்ள விரும்பாதவர்களுக்கும் டாக்டர்கள் இதைச் சொல்லுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பொதுவாக ஐந்து வயதுக்கு மேல்தான் தொடங்குகிறார்கள். நண்டு, இறால், வேர்க்கடலை போன்ற உணவு அலர்ஜிக்கு இந்த ஊசி இல்லை. காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் வந்து வந்து போகும் தோல் தடிப்புக்கும் இது உதவாது.

தொடங்குமுன் பரிசோதனை செய்வார்கள். முன்கையில் வரிசையாகச் சில சொட்டு மருந்து வைத்து, ஒவ்வொரு சொட்டின்மேலும் நுனியால் இலேசாகக் குத்துவார்கள். இரத்தம் வராது. பதினைந்து, இருபது நிமிஷத்தில் எந்த இடம் கொசு கடித்ததுபோல் வீங்குகிறது என்று அளந்து பார்ப்பார்கள். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்னமே நிறுத்தச் சொல்லுவார்கள். நிறுத்தாமல் வந்தால் வீங்க வேண்டிய இடமும் வீங்காது. சிலருக்கு இரத்தப் பரிசோதனை போதுமானது. தோல் வீங்கிவிட்டது என்பதற்காக மாத்திரம் ஊசி தொடங்குவதில்லை. அந்தப் பொருள்தான் உங்களுடைய உபத்திரவத்துக்குக் காரணமா என்று டாக்டர் உங்கள் கதையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆகையால் எப்போது தும்மல் வருகிறது, எந்த மாதத்தில் அதிகம், வீட்டில் பூனை உண்டா, பஞ்சாலையில் வேலையா என்று கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

அந்த வேளையில் இன்னும் சில காரியங்களை அவர்கள் கேளாவிட்டாலும் நீங்களே சொல்லிவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அடினோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளைப் பீட்டா பிளாக்கர் என்கிறார்கள். ஆபத்து வேளையில் கொடுக்கும் மருந்து வேலை செய்யாதபடி அவை தடுக்கக்கூடும். கண் அழுத்தத்துக்குப் போடும் சில சொட்டு மருந்துகளும் அந்த இனமே. கர்ப்பவதிகளுக்குப் புதிதாகத் தொடங்குவதில்லை. முன்னமே ஊசி நடந்து கொண்டிருக்கையில் கருத்தரித்தால், ஒத்துக்கொண்ட அதே அளவிலே தொடரலாமா என்று டாக்டர் தீர்மானிப்பார். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.

நான்காவது, ஊசி நாளில் என்ன நடக்கும்? மேல் கையின் பின்புறத்தில், தோலுக்குக் கீழே, மெல்லிய ஊசியால் போடுவார்கள். வலி மிகவும் குறைவு. முதல் சில மாதங்கள் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு ஊசி. ஒவ்வொரு முறையும் அளவு கொஞ்சம் கூடும். குறித்த அளவை எட்டுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அதன்பின் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். மொத்தம் மூன்று முதல் ஐந்து வருஷம்.

போட்ட இடம் சிவந்து, அரித்து, கொஞ்சம் வீங்குவது சாதாரணம். சிலருக்கு வீடு போய்ச் சேர்ந்தபின் மாலையில் வீங்கும். ஈரத்துணி வைத்தால் அடங்கும். ஆனாலும் எவ்வளவு வீங்கிற்று, எத்தனை நாள் இருந்தது என்று அடுத்தமுறை சிஸ்டரிடம் சொல்லுங்கள். அடுத்த ஊசியின் அளவை அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

இனி அந்த அரைமணி நேரம். எங்களுக்குத் தெரிந்தவரையில் மக்கள் அதிகமாக முறுமுறுப்பது இதற்குத்தான். “ஊசிதான் போட்டாயிற்றே, பஸ் போய்விடும், விடுங்கள்” என்பார்கள். உடம்பு முழுவதையும் தாக்கும் கடுமையான அலர்ஜி அபூர்வமாக வரும். அனாபிலாக்ஸிஸ் என்பது அதன் பெயர். அது வந்தால் பெரும்பாலும் முதல் முப்பது நிமிஷத்துக்குள் தொடங்கிவிடும். உள்ளங்கையில் அரிப்பு, உடம்பில் தடிப்பு, தொண்டை இறுக்கம், விடாத இருமல், இழுப்பு, வயிற்றுவலி, தலைசுற்றல், என்னமோ ஆகப்போகிறது என்ற திகில் இவைகளே அதன் அடையாளம். உடனே அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அதற்குப் பதிலாக அவிலோ மாத்திரையோ போதாது. அதை வைத்துக்கொண்டு போடத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில்தான் நீங்கள் அந்த அரைமணி நேரம் இருக்க வேண்டும். ஆகவே மருந்துப் புட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தெருவில் இருக்கிற கம்பவுண்டரிடம் போட்டுக்கொள்வது ஆபத்தானது. உள்ளூரில் போட்டே ஆக வேண்டிய நிலை இருந்தால், அங்கே டாக்டரும் அட்ரினலினும் உண்டா என்று உங்கள் டாக்டர் விசாரித்து எழுதிக் கொடுக்கட்டும். மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் ஓட்டம், கனமான வேலை, வேகமாகச் சைக்கிள் மிதிப்பது இவைகளைத் தவிர்க்க வேண்டும்.

இந்த எச்சரிப்பு வெறும் சம்பிரதாயம் அல்ல. பிரிட்டனில் 1957 முதல் 1986 வரை இந்தச் சிகிச்சையில் 26 பேர் மரித்ததாக மருந்துப் பாதுகாப்புக் குழு 1986-இல் அறிவித்தது. எதற்காக ஊசி போட்டார்கள் என்று தெரிந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஆஸ்துமாக்காரர்கள். அதற்குப்பின் எல்லாத் தேசங்களிலும் கவனம் அதிகரித்தது. அமெரிக்காவில் 1990 முதல் 2001 வரை எடுத்த கணக்கில், இருபத்தைந்து லட்சம் ஊசிக்கு ஒரு மரணம் என்று கண்டார்கள். ஆகவே பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா அடங்காதிருக்கும் நாளில் ஊசி போடக்கூடாது என்ற சட்டம் எங்கிருந்து வந்தது என்று நாம் அறிந்திருக்க வேண்டும்.

பெஞ்சில் எங்களுக்கு நேர்ந்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். தையல் வேலை செய்கிற ஒரு தாயார், நாற்பது வயதிருக்கும், ஊசிக்காகத் தம் முறை வரக் காத்திருந்தார். மூக்கு அலர்ஜியோடு ஆஸ்துமாவும் உள்ளவர். நாங்கள் அருகில் உட்கார்ந்து வீட்டு நலன் விசாரித்துக்கொண்டிருந்தோம். பேச்சினிடையே இரண்டுமுறை மூச்சு வாங்கி நிறுத்தினார்.

“ராத்திரி தூங்கினீங்களாம்மா?” என்று கேட்டோம்.

“எங்க ஐயா, ரெண்டு மணிக்கு எழுந்து பம்ப் அடிச்சேன். விடியக்காலம் மறுபடியும் அடிச்சேன்.”

“சிஸ்டர் கேட்டப்போ சொன்னீங்களா?”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். “இல்லைன்னு சொல்லிட்டேன் ஐயா. இழுப்புன்னு சொன்னா ஊசி போடாம அனுப்பிருவாங்க. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். இன்னைக்குக் கூலியும் போச்சு. போட்டுக்கிட்டுப் போயிட்டா ஒரு வாரம் நிம்மதி.”

அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு வாய் வரவில்லை. இரண்டு பஸ்ஸின் பாரம் அவருக்குத்தான் தெரியும். ஆனாலும் சும்மா இருக்கவும் கூடவில்லை. “நீங்களே சிஸ்டர்கிட்ட சொல்றீங்களாம்மா, நாங்களும் கூட வர்றோம்” என்றோம். எழுந்து வந்தார். சிஸ்டர் ஊதிப்பார்க்கும் கருவியைக் கொடுத்து ஊதச் சொன்னார். எப்போதும் ஊதுகிற அளவைவிட மிகவும் குறைந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்து, அன்றைக்கு ஊசியை நிறுத்தி, இழுப்புக்குப் புகைமருந்து கொடுத்து, இன்ஹேலரை மாற்றி எழுதினார். “நல்லவேளை சொன்னீங்கம்மா” என்று மாத்திரம் சிஸ்டர் சொன்னார். ஒரு கடினமான வார்த்தையும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மூச்சு சீரானபின் மறுபடியும் ஊசி தொடங்கியது.

அந்த நாள் முதல் அந்த சிஸ்டர் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டார். “இழுப்பு உண்டா?” என்று கேட்டுவிட்டு, “இருந்தா சொல்லுங்க. ஊசி ஒரு வாரம் தள்ளிப்போகும், உங்க சிகிச்சை போகாது. டாக்டரைப் பார்க்காம உங்களை அனுப்ப மாட்டோம்” என்றும் சேர்த்துச் சொல்லுகிறார். இப்படிச் சொன்னபின் மறைக்கிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். பயத்தினாலும் வறுமையினாலும்தான் ஜனங்கள் மறைக்கிறார்கள் என்று நாங்கள் கண்டோம். காய்ச்சல், இருமல், முந்தின ஊசிக்குப்பின் வந்த வீக்கம், புதிதாகச் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் ஊசி போடுமுன் சொல்லிவிடுங்கள். இந்தச் சிகிச்சையில் மருந்துக்கு அடுத்தபடியாக அவசியமானது உள்ளதை உள்ளபடி சொல்லுவதே.

ஐந்தாவது, எப்போது சுகம் தெரியும்? இதைக் குறித்து நாம் முன்னமே தெளிவாயிருந்தால் பாதி மனச்சோர்வு நீங்கும். சிலருக்கு அளவு கூட்டும் மாதங்களிலேயே கொஞ்சம் மாற்றம் தெரியும். பலருக்கு முழு அளவை எட்டியபின்தான் தெரியும். அதுவரை மாத்திரை, ஸ்பிரே, இன்ஹேலர் எதையும் நிறுத்தக்கூடாது. முழு அளவில் ஒரு வருஷம் போட்டும் மாற்றமே இல்லையானால், தொடர்வதா நிறுத்துவதா என்று டாக்டரோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எல்லாருக்கும் பலிக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

நான்கு மாதம் போட்டுவிட்டு, “ஒன்றும் ஆகவில்லை” என்று நின்றுபோன ஒரு கல்லூரித் தம்பி எங்களுக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் கழித்து மறுபடியும் வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முதல் புட்டியிலிருந்து, முதல் சிறு அளவிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு வாரம், இரண்டு வாரம் தவறினால் பயப்பட வேண்டாம். அதற்கேற்ப அளவைச் சரிசெய்வார்கள். ஆனால் தவறினதை மறைத்துவிட்டு அடுத்த அளவைப் போட்டுக்கொள்ளக்கூடாது. பரீட்சை, கலியாணம், ஊர் மாற்றம் எது வந்தாலும் முன்கூட்டியே சொல்லி, ஊசி அட்டையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மூன்று வருஷம்? லண்டனில் புல் மகரந்த அலர்ஜி உள்ளவர்களுக்கு மூன்று முதல் நான்கு வருஷம் ஊசி போட்டு, பின்பு நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தி மூன்று வருஷம் ஆனபின்னும் சுகம் நிலைத்திருந்ததை 1999-இல் வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிடும் நாளில் மாத்திரம் அடக்கும். இதுவோ, நிறைவாக முடித்தவர்களில் அநேகருக்கு நிறுத்தினபின்பும் தாங்குகிறது. இந்தச் சிகிச்சையின் விசேஷம் அதுதான். பாதியில் விட்டால் கிடைக்காமல் போவதும் அதுவே.

சுகம் என்றால் என்ன என்பதையும் அளவாக எதிர்பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை இரண்டாம் வருஷம் முடிந்தபோது, “முழுசாப் போகலை ஐயா. பரணைத் துடைச்சா இன்னும் தும்மல் வருது. ஆனா ராத்திரி தூங்குறேன். மாத்திரை தேடுறதில்லை” என்றார். இப்படித் தும்மல் குறைந்து, மருந்து குறைந்து, உறக்கம் வருவதே பலருக்குக் கிடைக்கும் பலன்.

மாதந்தோறும் வரவே இயலாதவர்களுக்கு நாக்கின் கீழ் வைக்கும் சொட்டு மருந்தும் மாத்திரையும் உண்டு. முதல் வேளையை டாக்டர் முன்னிலையில் எடுத்து, பின்பு வீட்டில் தினந்தோறும் எடுக்க வேண்டும். அதுவும் வருஷக்கணக்கில்தான். எல்லா அலர்ஜிக்கும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. உங்களுக்கு எது ஏற்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செலவையும் தொடங்குமுன் வெளிப்படையாகக் கேளுங்கள். மருந்து, ஊசிக் கட்டணம், பஸ் செலவு, போகிற கூலி எல்லாவற்றையும் மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகை உங்களால் ஆகாது என்றால் அதையும் சொல்லுங்கள். பாதிவழியில் நிற்பதைவிட, வேறு வழியை டாக்டரோடு தேடுவது நல்லது.

கடைசியாக, வீட்டாருக்கும் சபையாருக்கும் சில வார்த்தைகள். ஊசி நடக்கிறது என்று வீட்டைக் கவனியாமல் இருக்கக்கூடாது. தலையணை உறை, படுக்கை விரிப்பு இவைகளை வாரம் ஒருமுறை நல்ல கொதிசூட்டுத் தண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தைக்குத் தூசி புகாத உறை போடுங்கள். வீட்டைக் கூட்டும்போது அலர்ஜி உள்ளவர் வேறு அறையில் இருக்கட்டும். ஈரத்துணியால் துடைப்பது நல்லது. அவர் இருக்கும் வீட்டில் யாரும் புகைக்கக்கூடாது.

“இத்தனை ஊசி போட்டும் தும்முகிறாயே” என்று சொல்லாதிருங்கள். ஆறாம் மாதத்தில் அந்த ஒரு வார்த்தையால் நின்றுபோனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, ஊசி நாளில் ஒருவர் கூடப் போங்கள். பிள்ளையோடு அந்த அரைமணி நேரம் உட்கார்ந்திருங்கள். கூலிவேலை செய்கிற அயலார் ஒருவர் ஊசிக்குப் போகிறார் என்றால், அன்று அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாம். ஸ்கூட்டர் உள்ள வாலிபர்கள் அவரைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடலாம். மூன்று வருஷச் சிகிச்சையை முடிக்க இப்படிப்பட்ட சிறிய உதவிகள் எவ்வளவு தாங்குகின்றன என்பதை எங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

“ஜெபித்துக்கொண்டு ஊசியும் போட்டால் விசுவாசக் குறைவு ஆகாதா?” என்று சிலர் எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. ஆகாது என்றே சொல்லுகிறோம். ஜெபித்துவிட்டு வாருங்கள், ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இரவில் இழுப்பு இருந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

கேள்வி கேட்ட அந்தத் தாயாருக்கு எங்கள் பதில் இதுதான். அம்மா, டாக்டர் பரிசோதித்துச் சொல்லியிருந்தால், மகளுக்கு ஆஸ்துமா அடங்கியிருந்தால், மூன்று வருஷம் வந்துபோக வழியிருந்தால், தைரியமாகத் தொடங்குங்கள். முதல் வருஷத்தில் சுகத்தைத் தேடி மனம் சோர்ந்துபோகாதீர்கள். மகள் எதையும் மறைக்காமல் சொல்லும்படி பழக்குங்கள். ஊசி நாட்களில் நாங்களும் அந்தப் பெஞ்சில்தான் இருப்போம். வந்து எங்களோடு பேசிக்கொண்டிருங்கள்.

உங்கள் அனைவருக்கும் நல்ல சுகமும் சமாதானமும் உண்டாவதாக.